கோலப்பபிள்ளையின் இரண்டாவது கால்கட்டு

ஒழுகினசேரி கோலப்பபிள்ளைக்கு முதல் கால்கட்டு இருபத்திரண்டாம் வயதில் பகவதியோடு நடந்தது. அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டாவது கால்கட்டு நாற்பத்தெட்டாம் வயதில் நடந்தது, அதுவும் இடது காலுக்கு மட்டும். அக்கம்பக்கத்து ஊர்களில் ஒரு வருஷத்துக்குப் பேச்சாக இருந்தது இந்த இரண்டாவதுதான்.

அவர் தவசிப்பிள்ளை. நாஞ்சில் நாட்டில் கல்யாணச் சமையல்காரருக்கு அதுதான் பெயர். ஆயிரம் இலைக்குச் சமைக்கிற வீடானாலும் உப்பு போட அளவுப் பாத்திரம் தேடமாட்டார். உள்ளங்கையில் அள்ளுவார், கண்ணை மூடுவார், போடுவார். அவருடைய அடைப்பிரதமன் பாயசத்துக்காகவே சம்பந்தம் பேசி முடித்த வீடு ஒன்று தாழாக்குடியில் உண்டு என்று அவரே சொல்லிக்கொள்வார்.

வலி வந்தது 1948 ஆவணியில். சுசீந்திரத்தில் ஒரு கல்யாண வேலையை முடித்துவிட்டு வந்து படுத்தவர், காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடியை வைத்ததும் இடது குதிகாலில் ஆணி ஏறியதுபோல் துள்ளினார். குனிந்து பார்த்தார், ஆணி இல்லை. பகவதியைக் கூப்பிட்டுக் கட்டிலைச் சுற்றிப் பெருக்கச் சொன்னார். பெருக்கினாள், ஒன்றும் அகப்படவில்லை. மறுநாளும் அதே இடத்தில் அதே ஆணி. ஒரு வாரம் பெருக்கிப் பார்த்த பகவதி எட்டாம் நாள் விளக்குமாற்றை அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

பத்து அடி நடந்தால் வலி கொஞ்சம் இறங்கும். ஆனால் மத்தியானப் பந்தி முடிவதற்குள் மறுபடி ஏறிக்கொள்ளும். செங்கல்லைச் சுட்டு அதன்மேல் எருக்கிலையைப் போட்டு மிதித்துப் பார்த்தார். தைலம் தேய்த்தார். வாயு என்று சொன்ன வைத்தியர், கிழங்கும் வாழைக்காயும் பருப்பும் நாக்கில் படக்கூடாது என்றார். அதன்படி நடந்த நாளில், ருசி பார்க்க வழியில்லாமல், வாழைக்காய் எரிசேரியில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. கடியப்பட்டணத்துக்காரர் ஒருவர், உச்சிவெயிலில் கடற்கரை மணலில் நின்றால் வலி மண்ணுக்குள் இறங்கிப் போய்விடும் என்று சொல்லக் கேட்டு, அங்கே போய் அரைமணி நேரம் நின்றார். இரண்டு உள்ளங்காலும் வெந்து கொப்பளித்துவிட்டன. அடுத்த பத்து நாள் அந்த எரிச்சலில் குதிகால் வலி தெரியவே இல்லை என்பதால், மருந்து நல்ல மருந்துதான் என்று அவர் கடைசிவரை சாதித்தார்.

வேறு வழி தெரியாமல் அடுப்பின் முன்னால் ஒற்றைக் காலில் நிற்கத் தொடங்கினார். இடது காலை மடக்கி வலது முழங்காலுக்கு முட்டுக் கொடுத்து, சட்டுவத்தை ஊன்றுகோலாகப் பிடித்துக்கொண்டு, கொக்குபோல நின்று பாயசம் கிண்டுவார். பார்த்தவர்கள் வேறு விதமாக எடுத்துக்கொண்டார்கள். தவசிப்பிள்ளை என்றால் இவரல்லவா தவசிப்பிள்ளை, ஒற்றைக்காலில் தவம் நின்றல்லவா பிரதமன் இறக்குகிறார் என்று பேச்சு பரவியது. பூதப்பாண்டியில் ஒரு கல்யாண வீட்டில் இரண்டு பெண்கள் அடுப்படி வாசலில் நின்று அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். கோலப்பபிள்ளைக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் வலது காலும் முனகத் தொடங்கியபோது, மாற்றிக்கொள்ள மூன்றாவது கால் இல்லை.

1951 தை மாசம், யாரிடமும் சொல்லாமல் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டரம்மா வெள்ளைக்காரி, தமிழ் அரைகுறை. அவர் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு குதிகாலின் உள்பக்கமாகக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினாள். கோலப்பபிள்ளை வாயிலிருந்து ஒரு சொல் வந்துவிட்டது. டாக்டரம்மா அதற்கு அர்த்தம் கேட்டாள். பக்கத்தில் நின்ற நர்ஸ் கிளாரா, அவருக்கு ரொம்ப வலிக்கிறதாம் என்று மாற்றிச் சொல்லிக் காப்பாற்றினாள்.

குதிகாலிலிருந்து விரல்வரை அடிப்பாதத்தில் ஓடுகிற நரம்பு இழுபட்டுப் போயிருக்கிறது. முப்பது வருஷம் வெறுங்காலோடு கல்தரையில் நின்றதன் பலன். மூன்று மாசம் நிற்காமல் இருந்தால் சரியாகும் என்றாள் டாக்டரம்மா. தை மாசம் கல்யாண மாசம், அடுத்தது மாசி, பிறகு சித்திரை, வைகாசி என்று கோலப்பபிள்ளை விரலை மடக்கினார். அவள் பெருமூச்சு விட்டுவிட்டு ஒரு துண்டுக் காகிதத்தில் படம் வரைந்தாள். குதிகாலை ஏந்துகிற கிண்ணம்போல ஒன்று, உள்ளங்காலின் குழியைத் தாங்க ஒரு மேடு, இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை, கணுக்காலில் கீல், ஆடுசதையில் வார். கோட்டாற்றில் குதிரை வண்டிக்கு வார் தைக்கிற ஞானையன் இதைச் செய்வார், ஆஸ்பத்திரிக்கும் அவர்தான் செய்கிறார் என்று கிளாரா வழி சொன்னாள்.

ஞானையன் படத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார், பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் காலை வைக்கச் சொல்லிப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டார். எல்லாம் தோல் என்று தெரிந்ததும் கோலப்பபிள்ளை காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கல்யாண வீட்டு அடுப்படிக்குள் செருப்பு வராது, தோல் வார் வராது, தோலில் செய்த சுருக்குப்பைகூட வராது. தோல் இல்லாமல் செய்ய வழி உண்டா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"வாழநாருல செய்யலாம் பிள்ளைவாள்," என்றார் ஞானையன். "ஒரு பந்தி முடியதுக்குள்ள அறுந்து எரிசேரிக்குள்ள கெடக்கும்."

தோலிலேயே செய்யச் சொல்லிவிட்டு வந்தார். அதன்பிறகு அளவு சரிபார்க்க இரண்டு தடவை போக வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை அவரை மச்சினன் சிவதாணு பார்த்துவிட்டார். சிவதாணு பகவதியின் அண்ணன், ஆனால் கோலப்பபிள்ளைக்கு வயதில் இளையவர். கோலப்பபிள்ளையிடம் தேங்காய் துருவுகிற வேலையில் இருந்தார். தேங்காய் துருவும் கைக்கு ஓய்வு உண்டு, வாய்க்குக் கிடையாது. அத்தான் துண்டால் தலையை மூடிக்கொண்டு கோட்டாற்றுச் சந்துக்குள் நுழைவதைப் பார்த்துப் பின்னாலேயே போனவர், உள்ளேயிருந்து ஒரு குரலை மட்டும் கேட்டார். பிள்ளைவாளுக்கு வெள்ளிக்கிழமை கால்கட்டு தயார் என்று அது சொன்னது. அதற்குமேல் கேட்க அவருக்கு நெஞ்சில் தைரியம் இல்லை. நேரே தங்கச்சி வீட்டுக்கு ஓடினார்.

பகவதி அழவில்லை. மத்தியானம் இலை போட்டுச் சோறு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"பொண்ணு எந்த ஊரு?"

"எந்தப் பொண்ணு?"

"வெள்ளிக்கெழம கால்கட்டாம்லா."

கோலப்பபிள்ளை சோற்றில் வைத்த கையை எடுக்காமல் யோசித்தார். பிறகு, வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கொள், கூட்டிக்கொண்டே வந்து காட்டுகிறேன் என்றார். அந்த மூன்று நாளும் அந்த வீட்டில் ரசம் மட்டும்தான் கிடைத்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாக்குக்குள்ளிருந்து அந்தச் சாமானை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"இன்னா, இவதான்."

பகவதி அதைத் திருப்பிப் பார்த்தாள், வாரை இழுத்துப் பார்த்தாள், கையில் தூக்கி எடை பார்த்தாள். "என்னைவிடக் கனமால்லா இருக்கா," என்றாள். பிறகு சிரிக்கத் தொடங்கியவள், அடுத்த வீட்டிலிருந்து என்னவென்று கேட்கும்வரை சிரித்தாள். தோல் வெளியே தெரியாதபடி தன் பழைய சேலையைக் கிழித்து அதைச் சுற்றித் தைத்துக் கொடுத்ததும் அவள்தான். சிவதாணுவிடம் விஷயத்தைச் சொன்னால் வடசேரி சந்தை முழுக்கப் போய்விடும் என்பதால், அந்தச் சம்பந்தம் கலைந்துவிட்டது என்று மட்டும் சொல்லி வைத்தாள். அன்றிலிருந்து சிவதாணு அத்தானைக் கொஞ்சம் பரிதாபத்தோடு பார்க்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலை கட்டிலில் உட்கார்ந்தபடியே கோலப்பபிள்ளை அதைக் கட்டிக்கொண்டார். காலைத் தரையில் வைக்க ரொம்ப நேரம் ஆயிற்று. இரண்டரை வருஷமாகத் தினமும் ஆணி ஏறிய இடம். பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தார். ஆணி வரவில்லை. யாரோ உள்ளங்காலைத் தாங்கிப் பிடித்துத் தூக்கிவிட்டதுபோல் இருந்தது. இன்னொரு அடி வைத்தார். முற்றத்துக்குப் போனார், கிணற்றடிக்குப் போனார், திரும்பி வந்தார். யாரும் கேட்காமலே எட்டுக் குடம் தண்ணீர் இறைத்து ஊற்றினார். வீட்டில் ஐந்து குடம்தான் இருந்தது. மிச்சம் மூன்று குடத்தைக் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார்.

மாசியில் இரண்டு சின்ன விசேஷங்கள் ஒரு வம்பும் இல்லாமல் நடந்தன. முழங்காலுக்குமேல் துவர்த்துத் துண்டு கட்டிக்கொண்டு நிற்கிறவர் இப்போது கணுக்கால் மறைய வேட்டி கட்டியிருக்கிறாரே என்று கேட்டவர்களிடம், அடுப்பு அனல் காலில் படக்கூடாதாம் என்று சொல்லி வைத்தார். வம்பு வந்தது சித்திரையில், தேரூரில்.

தேரூர் மாதேவன்பிள்ளை வீட்டில் அவருடைய தம்பி மகளுக்குக் கல்யாணம். மாதேவன்பிள்ளை ஊர் வரி வசூலிக்கிற பார்வத்தியக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையை விட்டாரே தவிர அதிகாரத்தை விடவில்லை. ஆசாரத்தில் கறார். தவிலில் தோல் இருக்கிறது என்பதற்காக, தவில்காரரைப் பந்தலின் வடக்கு ஓரத்தைத் தாண்டக்கூடாது என்று நிறுத்தி வைத்தவர். அப்படிப்பட்டவர் வீட்டு அடுப்படிக்குள் கோலப்பபிள்ளை கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையிலேயே இடது காலில் தோலோடும் இரும்போடும் நுழைந்தார்.

முந்திரிக்கொத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோதுதான் முதலில் கேட்டது. கீச். இரண்டு மாசமாகக் கஞ்சியும் புளித்தண்ணீரும் தெறித்து, கணுக்கால் கீலில் துரு பிடித்திருந்தது. அவர் அரிசி மூட்டை பக்கம் போனார். கீச், கீச். சர்க்கரைப் பானை பக்கம் போனார். அங்கேயும் கீச்.

சிவதாணு துருவியை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினார். பெருச்சாளி என்றார்.

அதுதான் அன்றைய நாள் கெட்டது. கல்யாணச் சாமான் கிடக்கிற அறையில் பெருச்சாளி என்றால் லேசான காரியமா? பெண்கள் பருப்பு மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றினார்கள். ஆண்கள் உலக்கையும் விறகுக்கட்டையுமாக வந்தார்கள். கோலப்பபிள்ளைக்குச் சும்மா நின்றாலும் சந்தேகம், நடந்தாலும் சத்தம். தானும் ஒரு சட்டுவத்தைத் தூக்கிக்கொண்டு வேட்டைக்கு முன்னால் நடந்தார். அவர் எந்த மூலைக்குப் போனாரோ அந்த மூலையில் பெருச்சாளி கத்தியது. கூட்டம் அவர் பின்னால் ஓடியது. அவர் நின்றால் அதுவும் நின்றது. சிவதாணு இதைக் கவனித்துவிட்டார்.

"அத்தான், நீரு நடக்கும்போதுதான் அது சத்தம் போடுகு. ஒம்ம காலடியக் கேட்டுப் பயந்து ஓடுகுன்னு நெனைக்கேன். நீரு ஒரு எடத்துல இரியும்."

கோலப்பபிள்ளைக்கு உயிர் வந்தது. உட்கார்ந்தார். பெருச்சாளி அடங்கிவிட்டது. ஆனால் சமையல்காரர் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க முடியும்? யாரும் பார்க்காத சமயத்தில் ஒரு கரண்டி நெய்யை எடுத்து வேட்டிக்குள் கைவிட்டுக் கீலில் ஊற்றினார். நல்ல உருக்கு நெய். எழுந்து நடந்து பார்த்தார். சத்தமே இல்லை. அவருக்குத் தன் புத்தியைத் தானே மெச்சிக்கொள்ளத் தோன்றியது.

அந்த நேரம் பார்த்துச் சிவதாணு பக்கத்து வீட்டுக் கடுவன் பூனையோடு வந்தார். பெருச்சாளியைப் பிடிக்கக் கொண்டுவந்த பூனை. அதைத் தரையில் விட்டதும் அரிசி மூட்டையைப் பார்க்கவில்லை, மூலையை முகரவில்லை. மூக்கைத் தூக்கி ஒருதடவை இழுத்துவிட்டு நேரே வந்து கோலப்பபிள்ளையின் வேட்டிக்குள் புகுந்தது. உள்ளே போனது வெளியே வருவதாக இல்லை. நெய் ஊறிய சேலைத்துணியைப் பல்லால் கவ்வி இழுத்தது. அவர் காலை உதறினார். பூனை விடவில்லை. சிவதாணு பூனையின் வாலைப் பிடித்து இழுக்க, பூனை துணியை இழுக்க, துணியோடு வேட்டியும் நகர்ந்தது. மாதேவன்பிள்ளை அடுப்படி வாசலில் வந்து நின்றபோது, தவசிப்பிள்ளை ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க, இடது காலில் பழுப்புத் தோலும் இரும்புப் பட்டையும் பளிச்சென்று தெரிந்தன.

மாதேவன்பிள்ளை சுட்டுவிரலால் மட்டும் கூப்பிட்டார். நெல் கொட்டி வைக்கிற பத்தயப்புரைக்குள் அவரை அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார்.

"தோலா?"

"ஆமா அண்ணாச்சி."

கோலப்பபிள்ளை, முப்பது வருஷப் பேர் இந்த அறைக்குள் முடிந்தது என்று நினைத்தார். இப்போதே கழற்றி எறிந்துவிடுகிறேன், அடுப்படியைப் புண்ணியாகம் செய்து தீட்டு கழித்துக்கொள்ளுங்கள், எனக்குப் பதில் வேறு ஆளைப் பாருங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னார். வலியைப் பற்றியும் சொன்னார். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது.

மாதேவன்பிள்ளை கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருதடவை பார்த்துக்கொண்டார்.

"காலம்பற எந்திச்சு மொத அடி வைக்கும்போதா?"

"ஆமா அண்ணாச்சி."

"ஆணி ஏறுகது மாதிரியா?"

"அண்ணாச்சிக்கு எப்படித் தெரியும்?"

மாதேவன்பிள்ளை மரப்பெட்டிமேல் உட்கார்ந்து வலது காலை நீட்டினார். கழற்றும் வேய், என்ன மாதிரிச் சாமான் என்று பார்ப்போம் என்றார். இது இடது காலுக்குச் செய்தது என்று கோலப்பபிள்ளை சொன்னது அவர் காதில் விழவில்லை. வாரை இறுக்கிக்கொண்டு எழுந்தார். நேராகப் போகவேண்டும் என்று கால் வைத்தவரைக் கட்டு வலப்பக்கமாகத் திருப்பிக்கொண்டு போனது. நடுவில் இருந்த நெற்பத்தயத்தை ஒருதடவை சுற்றி வந்தார். முகம் மெல்ல மெல்ல இளகியது. இன்னொரு சுற்று வந்தார். நீர் போய் வேலையைப் பாரும், நான் இதைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கிறது என்றார்.

கோலப்பபிள்ளை வெறுங்காலோடு அடுப்படிக்குத் திரும்பி ஒற்றைக் காலில் நின்றார். ஒரு மணி நேரம் ஆயிற்று, கட்டு வரவில்லை. பூனை நெய்யை நக்கித் தீர்த்திருந்ததால் கீல் மறுபடி வறண்டுவிட்டது போலிருக்கிறது. பத்தயப்புரைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. கீச், கீச், கீச்.

சிவதாணு உலக்கையை எடுத்துக்கொண்டார். நெல்லுக்குள் போய்விட்டது என்று அவர் கூப்பிட்டதில் பத்துப் பேர் சேர்ந்தார்கள். தடுக்கக் கோலப்பபிள்ளை நொண்டிக்கொண்டு போவதற்குள் கதவைத் தள்ளித் திறந்துவிட்டார்கள். உள்ளே மாதேவன்பிள்ளை பத்தயத்தை வலம் வந்துகொண்டிருந்தார். கூட்டத்தைப் பார்த்தும் உடனே நிற்க முடியவில்லை. கட்டு அவரை இன்னும் கால் சுற்று கூட்டிக்கொண்டு போய்த்தான் நிறுத்தியது.

அடுப்படிக்குள் இருந்தது இந்தத் தோல்தானே என்று யாரோ மெல்லிய குரலில் தொடங்கினார்கள்.

"இது செருப்பு இல்ல, மருந்து," என்றார் மாதேவன்பிள்ளை. "குடிக்க முடியாததுனால வெளிய கெட்டியிருக்கு. மருந்துக்கு என்ன தீட்டு?"

அதற்குமேல் அந்த வீட்டில் யார் பேசுவார்கள்? கட்டு கோலப்பபிள்ளையிடம் திரும்பி வந்தது, ஒரு நிபந்தனையோடு. பிரதமன் இறக்கும்வரை அவருக்கு; மாப்பிள்ளை வீட்டாரை நின்று உபசரிக்கும் நேரம் அண்ணாச்சிக்கு.

மறுநாள் அடைப்பிரதமன் இறங்கியதும் கோலப்பபிள்ளை கட்டைக் கழற்றி, துடைத்து, தாம்பாளத்தில் வைத்து, வாழையிலையால் மூடிச் சிவதாணுவிடம் கொடுத்தனுப்பினார். சிவதாணு மரியாதையான ஆள். தாம்பாளத்தை நெஞ்சுக்கு நேராக ஏந்திக்கொண்டு பந்தலுக்குள் நடந்தார். நாதஸ்வரக்காரர் அதைப் பார்த்துவிட்டு மங்கல இசையை எடுத்தார். மாப்பிள்ளை வீட்டார் ஏதோ சீர் வருகிறது என்று எழுந்து நின்றார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் முன்னால் வந்து தாம்பாளத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இலையை விலக்கினார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். இது எந்தக் காலுக்கு என்று மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"என் காலுக்கு," என்றார் மாதேவன்பிள்ளை, வாங்கிக்கொண்டு.

அந்தக் கல்யாணத்தில் நான்கு பந்தி நடந்தது. பிரதமன் மூன்றாம் பந்தியிலேயே தீர்ந்துவிட்டது.

சித்திரை முடிவதற்குள் மாதேவன்பிள்ளை தனக்கென்று ஒரு வலதுகால் கட்டு செய்துகொள்ள வில்வண்டியில் கோட்டாறு போனார். ஞானையனை வீட்டுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பியும், அளவுக்குக் கடையில் உள்ள பலகைதான் சரிப்படும் என்று ஞானையன் பதில் சொல்லிவிட்டார். வேறு வழியின்றிச் சந்துக்குள் நடந்து போய், தோல் துண்டுகளுக்கு நடுவே அவருடைய முக்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார். ஞானையன் மெல்ல மெல்லத்தான் அளவெடுத்தார். அதன்பிறகு குதிகால் வலி என்று தைரியமாகச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தவர்கள் எத்தனை பேர்! அடுத்த ஆறு மாசத்தில் பூதப்பாண்டியிலும் சுசீந்திரத்திலுமாக ஒன்பது பேர் ஞானையனிடம் கால் நீட்டினார்கள். அதில் ஒருவருக்குக் காலில் ஒன்றுமே இல்லை. மாதேவன்பிள்ளைக்கு இருக்கிறதே என்று செய்துகொண்டார்.

கோலப்பபிள்ளை தம்முடைய கட்டைத் துவர்த்துக்குக் கீழே எல்லோரும் பார்க்கவே கட்டிக்கொண்டு இரண்டு வருஷம் நின்றார். ஞானையன் சொன்னபடி மாசம் ஒருமுறை கீலுக்கு விளக்கெண்ணெய் போட்டார். டாக்டரம்மா சொல்லியிருந்தபடி, சமையல் இல்லாத நாட்களில் ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். தேர் வடம் இழுக்கிறாரா என்று பகவதி கேட்பாள்.

1953 ஆடியில் ஒரு காலை, மழை இருட்டில் நேரம் தெரியாமல் அவசரமாக எழுந்தவர், கட்டை மறந்துவிட்டு முற்றம்வரை போய்விட்டார். அங்கே போன பிறகுதான் நினைவு வந்தது. அப்படியே நின்று வலிக்காகக் காத்திருந்தார். வரவில்லை. குதிகாலைத் தரையில் ஒருமுறை தட்டினார். இன்னொருமுறை பலமாகத் தட்டினார். அடுக்களையில் இருந்த பகவதியிடம் போய், வலி போய்விட்டது என்று சொன்னார்.

"மெல்லச் சொல்லுங்கோ," என்றாள் அவள். "அதுக்குக் கேட்டுச்சுன்னா திரும்பி வந்திரும்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொருமுறை சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவர் காலைக் கையில் எடுத்துக் குதிகாலில் கட்டைவிரலை வைத்து அமுக்கிப் பார்த்தாள். அவர் சும்மா இருந்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு எங்கேயும் சமையல் இல்லை. இரண்டு பேரும் காப்பி குடித்தார்கள்.